கூப்பிட்ட குரலுக்கு ஓட்டில்லை

தேர்தல் ஆட்டோவில் மைக் பிடிப்பது ஒரு விசித்திரமான தொழில்; ஊரில் உள்ள அத்தனை பெண்களையும் தாயே தாயே என்று கூப்பிட வேண்டும், ஒருத்தியாவது 'என்ன மகளே' என்று கேட்க மாட்டாள்.

குரலை வாடகைக்கு விட்டவர்கள், மேடைக்கு மைக் கட்டிவிட்டு வெயிலில் காய்ந்தவர்கள், ஆரத்தித் தட்டோடு வராத வேட்பாளருக்காகக் கால் கடுக்க நின்றவர்கள், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் மேரி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர், நான் அதே கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. சொந்த ஊர் மாதா கோயிலில் ஞாயிறுதோறும் வேதம் வாசித்ததில் குரல் கொஞ்சம் பதமாகியிருந்தது. கம்பெனி ஆயுத பூஜையில் பரிசுப் பெயர்களை நான் மைக்கில் படித்ததைக் கேட்ட ஆட்டோ டிரைவர் பழனிச்சாமி, 'பொம்பளை ஓட்டுக்குப் பொம்பளைக் குரல்தானுங்க வேணும்' என்று ஒரு கட்சிக்காரரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டாயிரத்து ஒன்றில் ஆரம்பித்தது.

கூலியைப் பற்றி நான் பேசவில்லை. எனக்கு இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துத் தர வேண்டும், அவ்வளவுதான் என்றேன். 'அதுக்கென்னங்க, அடுத்த லிஸ்ட்ல சேத்திரலாமுங்க' என்றார் கட்சிக்காரர். நான் எந்தெந்தக் கட்சிக்குப் பேசினேன் என்று கேட்காதீர்கள். யாரெல்லாம் 'அடுத்த லிஸ்ட்' என்றார்களோ, அவர்களுக்கெல்லாம் பேசினேன்.

பூட்டுகளுக்குப் பிரசாரம்

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு எங்களை ஏவிவிட்டார்கள். லைன் வீட்டுத் தெருக்களில்தான் பெண்கள் அதிகம், அங்கே போங்கள் என்று உத்தரவு. லைன் வீடு என்றால் ஒரே கூரையின் கீழ் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் பத்து ஒற்றை அறைகள்; பத்துக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு கக்கூஸ். நானும் அப்படி ஓர் அறையில்தான் குடியிருந்தேன்.

'அன்பார்ந்த தாய்மார்களே' என்று ஆரம்பித்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. குரலை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், குழைந்து பார்த்தேன். மூன்று தெரு தாண்டிய பிறகுதான் கவனித்தேன், கதவுகளில் எல்லாம் பூட்டு. எட்டரை மணிக்கே தாய்மார்கள் கம்பெனிக்குப் போயாகிவிட்டது. நானே லீவு போட்டுவிட்டு வந்த செக்கிங்காரி, எனக்காவது உறைத்திருக்க வேண்டும். நாலாவது தெருவில் வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தினார். நம் பேச்சுக்கு ஓர் ஆள் மயங்கிவிட்டார் என்று மகிழ்ந்துபோய்க் குனிந்தேன். அவர் சொன்னார்: "அம்மிணி, தாய்மாருக எல்லாம் கம்பெனிக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் வந்தா நீங்க சொன்னதை நானே சொல்லிப்போடறனுங்க, இப்ப அதைக் கொஞ்சம் அமத்துங்க, தூக்கம் வருது."

டீ டைம்

அதற்குப் பிறகு பழனிச்சாமியின் யோசனைப்படி கம்பெனி வாசல்களுக்கே போனோம். மாலை டீ டைமுக்கு மணி அடித்ததும் நூறு, இருநூறு பெண்கள் வெளியே வருவார்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள் வேட்பாளர் வந்து, கும்பிட்டு, பேசி, போய்விட வேண்டும். ஆனால் எல்லார் கையிலும் ஒரு டீ கிளாஸ், இன்னொரு கையில் பன். பதிலுக்குக் கும்பிட ஒரு கையும் காலியில்லை. இதை வேட்பாளர் எதிர்ப்பு அலை என்று எடுத்துக்கொண்டு பதறிப்போனார். அடுப்புப் புகையில் கண்ணீர் சிந்தும் தாய்மார்களின் கண்ணைத் துடைப்பேன் என்று உருக்கமாக ஆரம்பித்தார்.

எங்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும். பக்கத்து அறைப் பஞ்சவர்ணம், பரமக்குடிப் பக்கத்துக்காரி, என்னோடு செக்கிங், குடத்தைக் கனவில்கூட வரிசையில் வைப்பவள். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் காதில் சொன்னாள். என் கையில் இருந்த மைக் ஆனில் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டது இதுதான்: "ஏ மேரி, மணியடிக்கப் போறான், டீ ஆறுது. அவுகளச் சட்டுன்னு கும்பிட்டுட்டுக் கெளம்பச் சொல்லு, தண்ணி என்னைக்கு விடுவாகன்னு மட்டும் கேட்டு வையி."

வெள்ளை லாட்

ஓட்டுப் போடும் நாளன்று கம்பெனி லீவு. நான் துணி துவைத்தேன். சொந்த ஊரில் என் பெயரைக் 'கல்யாணமாகிப் போய்விட்டாள்' என்று அடித்துவிட்டார்கள். போன இடத்தில் சேர்க்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கோ ரயிலிலேயே என் பெயர் இறங்காமல் நின்றுவிட்டது போல. தெருவில் உள்ளூர்ப் பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஓட்டுப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே திரும்பினார்கள். அதிலே பாதிப் பேரை வாருங்கள் வாருங்கள் என்று பதினைந்து நாளாகக் கூப்பிட்டவள் நான்தான்.

மறுநாள் செக்கிங் டேபிளில் அவசர எக்ஸ்போர்ட் ஆர்டர், எல்லாம் வெள்ளைப் பனியன். எங்கள் சூப்பர்வைசருக்கு ஒரு பயம், ஓட்டு மை துணியில் ஒட்டிவிடும் என்று. காய்ந்த மை ஒட்டாது என்று எத்தனை பேர் சொன்னாலும் கேட்கமாட்டார். ஒரு பீஸில் கறை பட்டாலும் வாங்குகிறவன் மொத்த லாட்டையே திருப்பிவிடுவான் என்பார். ஒவ்வொருத்தியாக இடது கையை நீட்டச் சொன்னார். மை உள்ளவர்கள் கலர் துணிப் பக்கம் போனார்கள். மீதி நின்றவர்களைப் பார்த்தேன்: மதுரை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி. சூப்பர்வைசர் எங்களைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார்: "கை சுத்தமா இருக்கறவீங்க எல்லாம் வெள்ளை லாட்டுக்கு வாங்க."

சுத்தமான கையை வைத்துக்கொண்டு இவ்வளவு கூசியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

ஒரம்பரை

கட்சிக்காரர் சொன்ன சொல்லை அரைவாசி காப்பாற்றினார். ஒரு ஃபாரம் கொடுத்தார். போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வருவார் என்றார்கள். அவர் வந்த நாளில் நாங்கள் கம்பெனியில் இருந்தோம். பதில் சொன்னது வீட்டுக்கார அம்மா ராமாத்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொண்டுவருவார். ஆனால் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கதவு எண்ணில் ரேசன் கார்டோ ஓட்டோ வந்துவிடக் கூடாது என்பதில் எங்கள் வட்டாரத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வைராக்கியம். வாடகையைத் தரலாம், பெயரைத் தரக் கூடாது. அன்று சாயங்காலம் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பண்டிகை இல்லாத நாளில் பலகாரம் வந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கம் வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒரம்பரை என்பார்கள். ராமாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மனசுல வெச்சுக்காதீங்க கண்ணு. ஒரம்பரைக்கு வந்திருக்கறாங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டனுங்க. பேரைச் சேத்திக் குடியிருந்தவங்க எங்கண்ணன் ஊட்டையே கோர்ட்டுக்கு இழுத்துட்டாங்க, எனக்கு அந்த பயமுங்க."

குங்குமச் சிமிழ்

அடுத்து வந்தது பார்லிமென்ட் தேர்தல். இந்தத் தடவை 'அடுத்த லிஸ்ட்' என்றது எதிர்ப்பக்கத்துக் கட்சி. நேரில் போகாமல் கேசட்டில் பேசிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து சோறு பொங்கிக்கொண்டிருக்கிறேன். வாசலில் என் குரலே வருகிறது. 'தாய்க்குலத்தைத் தெய்வமாக மதிக்கும் நம் வேட்பாளர்' என்று நான் ஆட்டோவில் உருகுகிறேன். பின்னாலேயே நாலு பேர் வீடு வீடாகப் பித்தளைக் குங்குமச் சிமிழ் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். என் கையிலும் ஒன்றை வைத்தார்கள். சின்னதாக, மூடியில் மயில் போட்டு, அழகாக இருந்தது.

நான் குங்குமம் வைப்பதில்லை. அதனால் என்ன, ஊசி போட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் பட்டியல் வைத்திருந்த ஒருவர் கதவு எண்ணைப் பார்த்தார், புரட்டினார், மறுபடி பார்த்தார், காதைச் சொறிந்தார். வெளியே என் குரல் நிற்கவேயில்லை. அவர் என் கையிலிருந்து சிமிழைப் பூ எடுக்கிற மாதிரி மெதுவாக எடுத்துக்கொண்டார். எனக்கு எந்த விதத்திலும் பயன்படாத பொருள்தான். ஆனால் எடுத்தபோது அழுகை வந்துவிட்டது. அவரும் பாவம், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, லிஸ்ட்ல இருக்கற தாய்மாருக்கு மட்டுந்தானுங்க."

நானும் நானும்

இரண்டாயிரத்து ஆறு சட்டமன்றத் தேர்தலில் இரண்டு கட்சிகளும் என்னைக் கூப்பிட்டன. இரண்டுமே பெயர் சேர்ப்பதாகச் சொன்னதால் இரண்டுக்கும் கேசட்டில் பேசிவிட்டேன். ஒருவராவது காப்பாற்ற மாட்டார்களா என்ற கணக்கு. தொழில் தர்மம் இல்லாதவள் என்று என்னைத் திட்டாதீர்கள், தர்மம் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பழனிச்சாமி ஆட்டோவில் வருகிறேன். நாலு ரோடு சந்திப்பில் இந்தக் கட்சி ஆட்டோவும் அந்தக் கட்சி ஆட்டோவும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒன்றில் நான், 'தாய்மார்களே, உங்கள் இல்லம் தேடி வண்ணத் தொலைக்காட்சி வரும்' என்கிறேன். எதிரில் நானே, 'தாய்மார்களே, வெறும் வாக்குறுதியை நம்பி ஏமாறாதீர்கள்' என்கிறேன். வழி விடச் சொல்லி இரண்டு பேரும் சத்தத்தைக் கூட்ட, நானும் நானும் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டோம். கம்பெனி வேனில் ஜன்னலோரம் இருந்த பெண்கள் சிரித்துப் புரண்டார்கள். பழனிச்சாமி என்ஜினை அணைத்துவிட்டு, ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்கக்கா, ரண்டு பக்கமும் நீங்கதான் பேசறீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு பேச ஒரு ஆட்டோ வேண்டாமுங்களா?"

பெண்கள் வார்டு

அதே வருஷம் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பல வருஷமாக நிற்பதற்குத் தயாராக இருந்த ஒருவர், ஒரே ராத்திரியில் தன் மனைவி தங்கமணியை நிறுத்தினார். போஸ்டரில் அவர் படம் பெரியது, வேட்பாளர் படம் தபால்தலை அளவு. தங்கமணிக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனவே அவர் பேசுவதாக நான் பேசி சி.டி. போட்டார்கள். 'நான் உங்கள் வீட்டுப் பெண் பேசுகிறேன், உங்கள் குடத்தின் பாரம் எனக்குத் தெரியும்' என்று.

எழுதிக் கொடுத்ததில் குடம் இல்லை. அது நானாகச் சேர்த்தது. என்ன வேண்டும் என்று பழனிச்சாமி கேட்டது மனதில் கிடந்ததால் வாயில் வந்துவிட்டது. பிரசாரம் முடியும் நாளில் தங்கமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த சி.டி.யைத் தினமும் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டுக் கேட்பாராம், கூடவே சொல்லிப் பார்ப்பாராம். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க பேசுனதைக் கேட்டுக் கேட்டு, அது நாந்தான்னு எனக்கே தோணிப்போச்சுங்க மேரியக்கா."

டிவிக்கு இடம்

சொன்னபடி டிவி வந்தது. ரேசன் கார்டு உள்ள வீடுகளுக்கு. ராமாத்தாள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் புதியதைச் சமையலறையில் வைத்தார். எங்கள் லைனில் பத்து அறையில் ஒன்றுக்குக்கூடக் கார்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்று படம் பார்ப்போம். அவரும் ஜன்னலை நன்றாகத் திறந்து வைப்பார், அந்த மட்டுக்கும் நல்ல மனசு.

பஞ்சவர்ணம் மட்டும் வரமாட்டாள். ஒரு நாள் உப்புக் கடன் கேட்க அவள் அறைக்குள் போனேன். எட்டுக்குப் பத்து அறை. கால் வைக்க இடமில்லாத அந்த அறையில் சுவரோர ஸ்டூல் ஒன்று காலியாக இருந்தது. மேலே பூப்போட்ட துணி விரித்திருந்தது. அரிசி டிரம்மைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்தி, பெட்டியைப் பரணில் ஏற்றி, இடம் செய்திருந்தாள். இது என்ன என்று கேட்டேன். அவள் சண்டை போடவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ மைக்குல சொன்னியேன்னு டிவிக்கு எடம் ஒதுக்குனேன், இப்ப வேற சாமான் வைக்க மனசு வரல."

ராமாத்தாள் வாசல்

ஜெயித்த பிறகு இரண்டு வருஷம் தங்கமணியின் வீட்டுக்காரர்தான் கவுன்சிலர் மாதிரி நடந்தார். தங்கமணி கையெழுத்துப் போட்டார். பட்டியல் திருத்தம் மறுபடி வந்தபோது நான் ஃபாரம் வாங்கவே போகவில்லை. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அலுத்துவிட்டது. பஞ்சவர்ணம்தான் போய்த் தங்கமணியிடம் என் கதையைச் சொல்லியிருக்கிறாள், சொல்லக் கேட்டவர் அப்படியே எழுந்து நடந்து வந்தார். வீட்டுக்காரர் இல்லை, கட்சிக்காரர் இல்லை, தனியாக. ராமாத்தாள் வாசலில் வந்து நின்றார்; நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

'கோர்ட்டு கேசுன்னு வந்தா நானே வந்து சாட்சி சொல்றனுங்க, ஓட்டை வெச்சு ஊட்டைப் பிடுங்க முடியாதுங்க' என்று பொறுமையாகச் சொன்னார். ராமாத்தாள் அண்ணன் கதையை ஆரம்பித்தார். தங்கமணி முழுவதும் கேட்டார். நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். அவர் நாக்கு ஒட்டவில்லை, குரல் லேசாக நடுங்கியது, நடுங்கினாலும் அது அவருடைய குரல். கடைசியாகச் சொன்னார்: "எட்டு வருசமா ஒருத்தர் ஒரம்பரையா இருக்க முடியாதுங்க அத்தை. அவங்க குரல்லதான் நான் ஜெயிச்சேன், அவங்களுக்குப் பேரில்லீன்னா எனக்கும் பேரில்லீங்க."

கருப்பு

இரண்டாயிரத்து ஒன்பது பார்லிமென்ட் தேர்தலுக்கு நான் மைக் பிடிக்கவில்லை. பெயர்தான் வந்துவிட்டதே. தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலை கட்டி, காலையிலேயே பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ராமாத்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். மெஷினில் வரிசையாகச் சின்னங்கள். எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும் என் குரல் கேட்டது. இதற்கு நான் உருகியிருக்கிறேன், இதற்கு நான் சத்தியம் செய்திருக்கிறேன், இதை நம்பாதீர்கள் என்றும் அதே வாயால் சொல்லியிருக்கிறேன். எங்கள் லைனில் இன்னும் ஒரே குழாய். பஞ்சவர்ணத்தின் ஸ்டூல் இன்னும் காலி. அவள் பெயர் இன்னும் எந்த ஊரிலும் இல்லை. 'அழுத்தீட்டீங்களாம்மா, இன்னும் சத்தம் வரலீங்களே' என்று வெளியிலிருந்து ஆபீசர் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றை அழுத்தினேன். எதை என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் கம்பெனியில் மறுபடி வெள்ளை லாட். பழக்கதோஷத்தில் வெள்ளை டேபிளுக்குப் போய் உட்கார்ந்து முதல் பீஸை விரித்தேன். எதிரில் பஞ்சவர்ணம், சுத்தமான கையோடு. சூப்பர்வைசர் ஓடி வந்தார், என் இடது கையைப் பார்த்தார், பதறிப்போய்க் கத்தினார்: "ஐயோ மேரியக்கா, வெள்ளையைத் தொடாதீங்க, கையில மை இருக்குது, எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க!"

இத்தனை வருஷம் ஊர்த் தாய்மார்களுக்கெல்லாம் என்னென்னவோ தருவதாகக் கூவிய எனக்குக் கடைசியில் கைக்கு வந்தது அந்த ஒரு கோடு கருப்புதான், நகம் வளர வளர அதையும் வெட்டித்தான் போட வேண்டியிருந்தது.